கடைக்காலுக்குக் கால் கொடுத்தவர்கள்

கடைக்கால் இடுவதற்காகப் பூமியில் வெட்டும் பள்ளத்தை நம் கொத்தனார்கள் ‘வானம்’ என்பர். தலைக்கு மேலுள்ளதற்கும் காலுக்குக் கீழுள்ளதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று சிறுவயதில் நான் வியந்ததுண்டு. திருவனந்தபுரத்துக்கு வந்த பின், மலையாளத்துக் கொத்தனாரும் அதே சொல்லை வழங்கக் கேட்டு மகிழ்ந்தேன். வீடு கட்டும்போது வானம் தோண்டுவது எவரும் அறிந்த வேலை. கட்டி முடித்து, தலைமுறைகள் வாழ்ந்து, சுவரும் கூரையும் தத்தம் பாரத்தோடு நின்றுகொண்டிருக்கும்போதே, அந்த வானத்தை மறுபடியும் தோண்டிப் பழைய கடைக்காலின் அடியில் புதிய தாங்கலை நுழைப்பது வேறு வேலை. அது எவ்வாறு வளர்ந்தது, நுழைத்த தாங்கல் நம்பத் தக்கதா என்பதை மனிதர் எவ்வாறு சோதித்தறிந்தனர் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட செய்தி.

இந்தச் செய்தியில் எனக்கு ஆர்வம் பிறந்தது நூலகத்திலன்று; அடுத்த வீட்டுத் திண்ணையில். கரமனை ஆற்றுக்கு அருகே பழைய அக்கிரகாரத் தெரு ஒன்றில் நான் குடியிருக்கிறேன். அங்கே வீட்டுக்கு வீடு சுவர் பொது. ஒரு வீட்டின் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் படம் ஆடும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு சிறிது உயர்ந்து, வீடுகள் அதே அளவு தாழ்ந்து போயின. பெருமழை பெய்தால் தெருநீர் வாசற்படி ஏறி உள்ளே வந்துவிடும். அடுத்த வீட்டு மாமி, தம் வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி உயர்த்திவிடலாம் என்று எண்ணி, வடநாட்டிலிருந்து வந்த ஒரு குழுவினரை அழைத்திருந்தார். அவர்கள் பேசியது ஹிந்தி. கொண்டு வந்த ஒப்பந்தத் தாள் பாதி ஹிந்தி, பாதி ஆங்கிலம். மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளன் அடுத்த வீட்டிலேயே இருக்கும்போது வேறு ஆள் எதற்கு? என்னை அழைத்தனர்.

ஒப்பந்தத்தில் இரண்டு வாசகங்கள் என் கண்ணில் பட்டன. பயன்படுத்தும் ஜாக்கிகளின் தாங்குதிறன் போதுமானது என்பது ஒன்று. வேலை முடிந்த பின் தோன்றும் விரிசல்களுக்குக் குழுவினர் பொறுப்பல்லர் என்பது மற்றொன்று. இரண்டையும் தமிழில் சொன்னேன். மாமி இரண்டாவதைப் பொருட்படுத்தவில்லை. முதல் வாசகத்தைத்தான் பிடித்துக்கொண்டார். “போதும்னு யார் பார்த்தா?” என்று கேட்டார். அதை நான் ஹிந்தியில் கேட்டபோது, எத்தனையோ வீடுகளைத் தூக்கியிருக்கிறோம் என்று மேற்பார்வையாளர் பெருமையுடன் விடை கூறினார். அது அவருடைய அனுபவத்துக்குச் சான்றேயன்றி, எங்கள் தெருவின் மண்ணுக்குச் சான்றாகுமா?

வீட்டைத் தூக்கும் வித்தை புதியதன்று. அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த சிகாகோ நகரம், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில் சேற்றில் புதைந்து கிடந்தது. கழிவுநீர் வடிய வழியில்லாமல் கொள்ளை நோய் பரவிற்று. சாக்கடையைப் பூமிக்குள் புதைக்க இடமில்லாததால், தரைக்கு மேல் சாக்கடையை அமைத்து, அதன் மேல் தெருவை உயர்த்தி, அதற்கேற்ப வீடுகளையும் உயர்த்துவது என்று நகரத்தார் துணிந்தனர். 1858ஆம் ஆண்டு ஜனவரியில், ஏறத்தாழ 750 டன் எடையுள்ள நான்கு மாடிச் செங்கற் கட்டடம் ஒன்றை 200 திருகு ஜாக்கிகளால் ஆறடிக்குமேல் உயர்த்தினர். 1860இல் லேக் தெருவில் 320 அடி நீளமுள்ள ஒரு கட்டட வரிசை முழுவதையும், 600 ஆட்கள் 6,000 ஜாக்கிகளைத் திருகி, ஐந்தே நாட்களில் நான்கடி எட்டு அங்குலம் தூக்கினர். உள்ளே கடைகளில் வியாபாரம் தடையின்றி நடந்ததாம். ஆளுக்குப் பத்து ஜாக்கி; எல்லோரும் ஒரே அளவே திருக வேண்டும். ஓரிடத்தில் அரைச் சுற்று மிகுந்தாலும் அங்கே பாரம் கூடிச் சுவர் பிளந்துவிடும்.

டெக்ஸாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் தீவு 1900ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த பிறகு, அங்கும் இவ்வாறே ஈராயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை உயர்த்தினர். 3,000 டன் எடையுள்ள ஒரு தேவாலயத்தை 700 ஜாக்கிகள் ஐந்தடி தூக்கின. நம் நாட்டில் இத்தொழிலை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்களுள் ஹரியானாவின் யமுனாநகர்ப் பகுதியிலிருந்து கிளம்பிய குழுவினர் குறிப்பிடத்தக்கவர்கள். சென்னையில் சாலைகள் உயர்ந்து வீடுகள் தாழ்ந்தபோதும், 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பின் கேரளத்தின் தாழ்ந்த பகுதிகளிலும் இவர்களுடைய ஜாக்கிகளுக்கு நிறைய வேலை கிடைத்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை மறந்துவிடலாகாது. தாழ்ந்திருக்கும் வீடு வேறு. தாழ்ந்துகொண்டிருக்கும் வீடு வேறு. சிகாகோவில் தெரு உயர்த்தப்பட்டதற்காகவே வீட்டை உயர்த்தினர். காலடி மண் நழுவும் வீட்டின் கதை அவ்வளவு எளியதன்று. மாமியின் வீட்டிலோ இரண்டு குறைகளும் இருந்தன. பின்கட்டில், சமையலறை மூலையில், கல்லின் இடுக்குகளைப் பற்றிக்கொண்டு படிப்படியாக ஏறும் ஒரு விரிசல் இருந்தது. அதைப் பல ஆண்டுகளாகச் சுண்ணாம்பு பூசி மறைத்து வந்தனர். மறைத்ததெல்லாம் மறுபடி தலைகாட்டிற்று. ஜாக்கிக் குழுவினர் அந்த மூலையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

இந்நாட்டு மண்ணைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டும். கேரளத்தில் வெட்டுக்கல் என்று வழங்கும் செம்மண் கல்லைப் பிற மாநிலத்தார் பார்த்தால் வியப்பர். பூமியிலிருந்து வெட்டும்போது கோடரிக்கு இணங்கும். வெயிலிலும் காற்றிலும் கிடந்தால் செங்கல்லைப் போல் இறுகும். 1800-01ஆம் ஆண்டுகளில் தென்னாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர், இப்போதைய மலப்புரம் மாவட்டத்து அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்டு, லத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘லாட்டரைட்’ என்று அதற்குப் பெயரிட்டு, 1807இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். உலகத்துப் புவியியல் நூல்களெல்லாம் இன்று வழங்கும் பெயர் அதுவே. அவ்விடத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1979இல் ஒரு நினைவுச் சின்னமும் நிறுவியுள்ளது.

இந்தக் கல் மேலே ஓடுபோல் இறுகியிருக்கும். ஆனால் கீழே போகப் போக இளகி, வெளிறிய களிமண்ணாக மாறிவிடும். மேலோட்டை மட்டும் நம்பி வீடு கட்டியவனுக்கு நூறாண்டு தொல்லையில்லாமலும் இருக்கலாம். அடியில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டால் சில மழைக்காலங்களே போதும். கேரளத்து மலைப்பகுதிகளில் நிலத்துக்குள்ளேயே நீர் குழாய்போல் வழி அரித்து, மேலே நிற்கும் வீட்டையும் தோட்டத்தையும் அமிழச் செய்வதைத் திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள புவி அறிவியல் ஆய்வு மையத்தார் ஆராய்ந்துள்ளனர். ஆக, விரிசலைக் கண்டவுடன் கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை டன் ஜாக்கி என்பதன்று. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே.

தண்ணீரோடு போராடிக் கடைக்கால் இட்ட வரலாறுகளுள் எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரத்துப் பெருங்கோயிலின் கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கிழக்குப் பகுதி சாயத் தொடங்கிற்று; சுவர்களில் ஆளின் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள் கண்டன. தோண்டிப் பார்த்தபோது, பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டியவர்கள் சதுப்பு மண்ணின் மேல் மரக்கட்டைகளைப் பரப்பி அவற்றின் மேலேயே சுவர் எழுப்பியிருந்தது தெரிந்தது. கட்டைகளின் கீழே மட்கிய புல்லும் தழையும் கலந்த மெத்தென்ற மண். அதன் கீழேதான் உறுதியான சரளை. கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சனும் எஞ்சினீயர் பிரான்சிஸ் பாக்ஸும் அந்தச் சரளை வரை குழி தோண்டச் செய்தனர். குழியில் நீர் நிறைந்தது.

பம்பு வைத்து இறைத்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கும் தோன்றிற்று. ஆனால் நீரை இறைத்தால் நீரோடு சேர்ந்து நுண்மணலும் வெளியேறும். மணல் போனால் மேலே நிற்கும் சுவர் என்னாகும்? நோயைக் காட்டிலும் மருந்தே கொடிதாக முடியும். ஆகவே வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவரை அழைத்தனர். 1906 முதல் 1911 வரை, கனத்த உடையும் செம்புத் தலைக்கவசமும் அணிந்து, நாளுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் அவர் அந்தக் கலங்கிய நீருக்குள் இறங்கி வேலை செய்தார். நீருக்குள் ஒளி என்பதே இல்லை. கையால் தடவியே மண்ணை அகற்றினார். கையால் தடவியே காங்கிரீட் மூட்டைகளை அடுக்கினார். குழியின் அடி அடைபட்ட பின்னரே நீரை இறைத்து, கொத்தனார்கள் இறங்கி மேற்கட்டு வேலையை முடித்தனர். 25,800 மூட்டைக் காங்கிரீட்டும், 114,900 காங்கிரீட் கட்டிகளும், 900,000 செங்கற்களும் செலவாயினவாம். 1912ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் நடந்த நன்றி வழிபாட்டுக்கு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே வந்திருந்தார்.

அப்பெருங்கோயிலின் கடைக்காலை ஒரே நாளில் தோண்டித் திறந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு குறுகிய துண்டு தோண்டி, நிரப்பி, இறுகவிட்டு, பிறகே வேறோரிடத்தில் அடுத்த துண்டு. எந்த நேரத்திலும் சுவரின் பெரும்பகுதி பழைய மண்ணின் மேலேயே நின்றுகொண்டிருக்கும். பழைய கால் இன்னும் நிற்கும்போதே புதிய கால் ஊன்றப்படுகிறது. வீட்டுக்குத் தாங்கல் கொடுக்கும் வேலையில் ஆபத்து மிகுந்தது இந்த இடைக்காலமே. புதியது ஏற்கவில்லை, பழையது விட்டுவிட்டது என்ற நிலை சில மணி நேரம் வந்தாலும் போதும்.

இதற்கு நேர்மாறான எச்சரிக்கை இத்தாலியில் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தில் கிடைக்கிறது. 1173இல் கட்டத் தொடங்கியது, கட்டும்போதே சாய்ந்தது. 1934-35இல் முஸோலினி ஆட்சியில், அடித்தளத்தில் 361 துளைகள் இட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினர். வலுவூட்டவே செய்தனர், கோபுரமோ மேலும் சாய்ந்தது. 1990 ஜனவரியில் பார்வையாளருக்கு மூடிவிட்டனர். 1993இல் சாயாத வடக்குப் பக்கத்தில் 600 டன் ஈயக்கட்டிகளை ஏற்றினர். ஓரளவு பயன் தெரிந்தது. அந்த ஈயம் அழகாயில்லை என்று எண்ணி, அதற்குப் பதிலாகப் பூமிக்குள் நங்கூரம் பாய்ச்ச முயன்று, 1995 செப்டம்பரில் மண்ணை உறையவைத்துத் தோண்டத் தொடங்கியவுடன் கோபுரம் அசைந்துவிட்டது. வேலையை நிறுத்தி, இன்னும் 300 டன் ஈயத்தை ஏற்றித்தான் அதனைப் பிடித்து நிறுத்தினர்.

முடிவில் அதனைக் காப்பாற்றிய வழி, புதிதாக எதையும் நுழைப்பதன்று, எடுப்பது. 1962இலேயே தெராசினா என்னும் இத்தாலிய எஞ்சினீயர் கூறியிருந்த யோசனைப்படி, வடக்குப் பக்கத்து மண்ணைச் சாய்வான துளைகளின் வழியே சிறிது சிறிதாக வெளியே எடுத்தனர். கோபுரம் தானே அந்தப் பக்கம் அமிழ்ந்து, ஏறத்தாழ அரைப் பாகை நிமிர்ந்தது. 2001 டிசம்பரில் மறுபடியும் திறந்துவிட்டனர். எடுத்த மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக அளந்து, ஒவ்வொரு நாளும் கோபுரம் என்ன செய்தது என்று கணக்கெழுதிய பிறகே மறுநாள் வேலையைத் தீர்மானித்தார்களாம்.

இனி, தாங்கலைச் சோதிக்கும் முறை எவ்வாறு தோன்றியது என்று பார்ப்போம். பெல்பாஸ்டு நகரத்து அலெக்ஸாண்டர் மிட்செல் என்பவர் இளமையிலேயே பார்வையிழந்தவர். நுனியில் அகன்ற திருகு மறை கொண்ட இரும்புத் தூணை மண்ணுக்குள் திருகி இறக்கும் முறைக்கு 1833இல் காப்புரிமை பெற்றார். தேம்ஸ் ஆற்று முகத்து மேப்ளின் மணல்திட்டில் 1838இல் அவருடைய தூண்கள் இறங்கின. கலங்கரை விளக்கம் ஒளி வீசியது 1841இல். அமிழும் வீடுகளின் அடியில் இந்நாளில் இறக்கும் திருகு தூண்கள் அந்தத் தூணின் வழித்தோன்றல்களே. தூணைத் திருக எவ்வளவு வலிமை தேவைப்படுகிறது என்பதைக் கொண்டே மண்ணின் உறுதியை ஒருவாறு மதிப்பிடலாம் என்பது இதன் சிறப்பு.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. ஜாக்கியால் அழுத்தித் தூணைக் கீழே இறக்கி, ஜாக்கியை எடுத்துவிட்டால், தூண் சிறிது மேலே எழும்பும். பிறகு வீட்டின் பாரம் ஏறும்போது அந்தச் சிறிதளவு மறுபடி கீழே போகும். அந்தச் சிறிதளவே சுவரைப் பிளக்கப் போதும். 1910களில் நியூயார்க்கில் வில்லியம் தெருவின் அடியில் சுரங்க ரயில் பாதை வெட்டியபோது, இருபுறமும் நின்ற உயர்ந்த கட்டடங்களுக்கு முட்டுக் கொடுக்கும் பொறுப்பை ஏற்ற லாஸரஸ் ஒயிட் என்ற எஞ்சினீயர் இதற்கு ஒரு வழி கண்டார். தூணின் தலைக்கும் கட்டடத்தின் அடிக்கும் நடுவே ஜாக்கிகளை வைத்து, அது பின்னர் சுமக்கப் போகும் பாரத்தைக் காட்டிலும் மிகுந்த பாரத்தை ஏற்றினார். ஜாக்கி அழுத்திக்கொண்டிருக்கும்போதே, இரும்புத் துண்டு ஒன்றை இடையில் நிறுத்தி ஆப்படித்து இறுக்கினார். அதன் பின்னரே ஜாக்கியை எடுத்தார். தூண் மேலே எழும்ப இடமில்லை. ஆகவே கீழே போகவும் இடமில்லை. முன்னரே சோதித்த தூண் என்று அம்முறைக்குப் பெயர் வழங்கிற்று.

நம் நாட்டிலும் தூண்களைப் பாரமேற்றிச் சோதிப்பதற்கு இந்தியத் தர விதி உண்டு. ஐ.எஸ். 2911 என்னும் விதியின் நான்காம் பகுதி, வழக்கமான சோதனையில் தூண் சுமக்க வேண்டிய பாரத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்கச் சொல்கிறது. பெரிய கட்டடங்களில் இது நடக்கிறது. ஒரு மாடி வீட்டுக்கு யார் செய்கிறார்கள்?

நாக்பூரிலும் புனாவிலும் கரிசல் மண்ணின் மேல் வாழும் நம்மவர்க்கு வேறு விதமான தொல்லை. மழையில் உப்பி, கோடையில் வெடித்துச் சுருங்கும் மண் அது. அதன் உப்பலுக்கு எட்டாத ஆழத்தில், அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களை இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வளர்த்தனர். பம்பாய்த் தமிழர்க்கோ முட்டுக்கட்டை பழகிய காட்சி. பழைய வாடகைக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்கென்றே 1969இல் அங்கே ஒரு சட்டம் இயற்றி வாரியமும் அமைத்தனர். தற்காலிகமாக நிறுத்திய மரமுட்டில் கயிறு கட்டித் துணி உலர்த்துவதை நானே பார்த்திருக்கிறேன். முட்டு நிற்கிறது என்பதால் பழுது நீங்கிவிட்டது என்று மனிதர் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. தினமும் பார்க்கும் பொருளின் மேல் ஐயம் எழுவதில்லை.

திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர், முட்டுக் கொடுக்க நேராதபடி வீடு கட்டுவதைப் பற்றி எளிய படங்களுடன் சிறு நூல்கள் எழுதினார். அவற்றுள் ஒரு குறிப்பு என் நினைவை விட்டகலவில்லை. பதினெட்டு அங்குல அகலமுள்ள அடித்தளச் சுவரின் நடுவே ஒன்பது அங்குலச் சுவரை எழுப்புவது எல்லோருக்கும் வழக்கம். வெளிப்புறத்தில் எஞ்சும் அந்தச் சிறு விளிம்பில் மழைநீர் தங்கிச் சுவருக்குள் இறங்கும். மேற்சுவரை வெளிவிளிம்போடு ஒட்டி எழுப்பினால் நீர் நேரே வழிந்து தரையில் விழுந்துவிடும் என்கிறார் அவர். செலவு ஒரு காசும் கூடுவதில்லை.

மாமியின் வீட்டுக்குத் திரும்புவோம். பொதுப்பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் எஞ்சினீயர், நாகர்கோவில் பக்கத்து மேஸ்திரி ஒருவரை உடன் அழைத்து வந்து பார்த்தார். தூக்குக்குண்டு விட்டார், ரசமட்டம் வைத்தார், கடைசியில் சமையலறைக்கு வெளியே மண்ணைக் கிளறச் சொன்னார். கழிவுநீர்க் குழாய் உடைந்து, அந்த நீர் ஆண்டுக்கணக்காக மூலைச் சுவரின் அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி கம்பியைச் செருகினார். முழங்கை ஆழம் தடையின்றிப் போயிற்று. “இதுமேல ஜாக்கி வச்சா, வீடு மேல போவாது சாரே, ஜாக்கிதான் கீழ போவும்” என்றார். அதை ஹிந்தியில் சொன்னேன். மேற்பார்வையாளர் தாமும் கம்பியைச் செருகிப் பார்த்துவிட்டுப் பேசாமல் தாளை மடித்துக்கொண்டார். அவர் நேர்மையானவர் என்றே எனக்குப் பட்டது. மண்ணைப் பார்ப்பது தம் வேலையன்று என்று அவருக்குச் சொல்லித் தந்திருந்தனர், அவ்வளவே.

முதலில் குழாயை மாற்றினர். பின்னர் நான்கு அடிக்கு ஒரு துண்டாக, ஒன்றுவிட்டு ஒன்றாக, உறுதியான மண் வரை தோண்டிக் காங்கிரீட் இட்டனர். அது இறுகிய பின், காங்கிரீட்டுக்கும் பழைய கருங்கல்லுக்கும் இடையே அளவுமானி பொருத்திய எண்ணெய் ஜாக்கியை வைத்து, கணக்கிட்ட பாரத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றி, ஓர் இரவு அப்படியே விட்டனர். அன்றிரவு மாமி உறங்கவில்லை. பொதுச்சுவரின் இப்புறம் நாங்களும் உறங்கவில்லை. காலையில் முள் நகரவில்லை என்று மேஸ்திரி கூப்பிட்டுக் காட்டினார். இரும்பு ஆப்பு அடித்து இறுக்கி, ஈரம் குறைந்த சிமெண்டுக் கலவையை இடைவெளியில் குத்தித் திணித்த பிறகே ஜாக்கியை இளக்கினர். எல்லாத் துண்டுகளும் முடிய ஏழு வாரம் ஆயிற்று.

விரிசலின் குறுக்கே ஐந்து இடங்களில் மெல்லிய கண்ணாடிச் சில்லுகளைச் சாந்து வைத்து ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் தேதி எழுதச் சொன்னார் எஞ்சினீயர். சுவர் மயிரிழை அசைந்தாலும் சில்லு முறிந்து காட்டிக்கொடுக்கும். வீட்டை உயர்த்தும் பேச்சு தள்ளிப் போடப்பட்டது. தெருநீர் வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். இரண்டு இடவப்பாதி மழையும் இரண்டு ஐப்பசி மழையும் கழிந்துவிட்டன. நான்கு சில்லுகள் அப்படியே இருக்கின்றன. ஐந்தாவது முறிந்தது, கொல்லைப்புறத்தில் விளையாடிய என் மகன் எறிந்த பந்தினால். மாமி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. புதிய சில்லொன்றை அவன் கையாலேயே ஒட்டச் செய்து, அன்றைய தேதியையும் அவனையே எழுதச் சொன்னார்.